சாப்பிட்ட பிறகு போட்டாலும் வயிறு புண்ணாவது ஏன்?

"வெறும் வயித்துல போடாதீங்க, சூடு." வலி மாத்திரையை நீட்டும்போது மெடிக்கல் ஷாப்காரர் சொல்வதும் இதுதான், வீட்டில் பெரியவர்கள் சொல்வதும் இதுதான். சொல்வதில் தவறில்லை. ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் நம்பி, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு மாதக்கணக்கில் மாத்திரை போடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். வயிற்றில் சாப்பாடு இருந்தால் எரிச்சல் குறையும், உண்மை. புண் வருவதை அது தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. எரிச்சலும் புண்ணும் சேர்ந்தே வரும் என்ற நினைப்புதான் ஆளை ஏமாற்றுகிறது.

முதலில் மாத்திரைகளைப் பிரித்துக்கொள்வோம். டோலோ 650, குரோசின், கால்பால் எல்லாம் பாராசிட்டமால். வயிற்றைப் பொறுத்தவரை இது சாது. அளவு மீறினால் அடி வாங்குவது கல்லீரல். இன்னொரு கூட்டம் இருக்கிறது: ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், மெஃபனமிக் அமிலம், நேப்ராக்ஸன், கீட்டோரோலாக், ஆஸ்பிரின். ஸ்டீராய்டு அல்லாத வீக்கம் குறைக்கும் மருந்துகள் என்று மருத்துவத்தில் சொல்வது இவற்றைத்தான். காம்பிஃபிளாமில் ஐபுபுரோஃபென் 400 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் இருக்கின்றன. ஜீரோடால்-பி என்பது அசெக்ளோஃபினாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. வோவெரான் என்றால் டைக்ளோஃபினாக். மாதவிடாய் வலிக்கு வாங்கும் மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபனமிக் அமிலம் 250 மி.கி. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் டிஸ்பிரின் ஆஸ்பிரின். பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு. வயிற்றுக்குச் செய்யும் காரியம் ஒன்றுதான். டைக்ளோஃபினாக் போன்றவை மருத்துவர் சீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. நடைமுறையில் அவை எப்படிக் கைக்கு வருகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்படி என்ன காரியம் செய்கின்றன? இரைப்பைக்குள் சுரக்கும் அமிலம் இறைச்சியையே கரைக்கக் கூடியது. அந்த அமிலம் இரைப்பையின் சொந்தச் சுவரைக் கரைக்காமல் இருப்பதற்குக் காரணம், சுவரின் மேல் இருக்கும் சளிப் படலமும், அந்தப் படலத்துக்குள் ஊறும் பைகார்பனேட்டும். உள்ளே அமிலம் கொந்தளிக்க, படலத்துக்கு அடியில் சுவரையொட்டி ஏறத்தாழ நடுநிலையே நிலவும். அதற்கும் அடியில் நல்ல ரத்த ஓட்டம் இருப்பதால், கசிந்து வரும் அமிலம் உடனுக்குடன் அகற்றப்படும். தேய்ந்த செல்களுக்குப் பதிலாகச் சில நாளிலேயே புதிய செல்கள் வந்துவிடும். சளி, பைகார்பனேட், ரத்த ஓட்டம், புதுச் செல் ஆகிய நான்கு வேலையையும் ஏவிக்கொண்டே இருப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள். அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கிளப்புவதும் இதே குடும்பம்தான். வலி மாத்திரை இந்தக் குடும்பத்தின் உற்பத்தியையே நிறுத்துகிறது. முழங்காலில் நிறுத்தினால் வலி போகும். இரைப்பையில் நிறுத்தினால் காவல் போகும். 1971-ல் லண்டனில் ஜான் வேன் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். 1982-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது 1899-ல். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிவதற்கு எழுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, மருந்து இரைப்பைச் சுவரைத் தொட்டுக் கெடுப்பது சின்னப் பங்கு. பெரிய பங்கு ரத்தத்தின் வழியாக நடக்கிறது. மாத்திரை கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றி, இரைப்பைச் சுவருக்கு உள்பக்கமிருந்து வந்து சேருகிறது. அதனால்தான் இடுப்பில் போடும் டைக்ளோஃபினாக் ஊசியும் வயிற்றைப் புண்ணாக்கும்; ஆசனவாயில் வைக்கும் மருந்தும் புண்ணாக்கும். "மாத்திரை ஒத்துக்கல டாக்டர், ஊசியா போட்டுடுங்க" என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சுப் பூசிய ஆஸ்பிரினுக்கும் இது பொருந்தும். பூச்சு நேரடி எரிச்சலைக் குறைக்கும். ரத்தக் கசிவு ஆபத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. பால், மோர், இளநீர் எதுவும் இந்த உள்வழியை மறிப்பதில்லை. எரிச்சலை ஆற்றும், அவ்வளவே.

இன்னொரு பக்கமும் உண்டு. உடம்பு நன்றாக இருக்கும் ஒருவர் என்றைக்கோ ஒரு நாள் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட்டுவிட்டார் என்பதற்காகப் பதற வேண்டாம். ஒரு மாத்திரையால் குடல் வெந்துவிடாது. ஆபத்தைத் தீர்மானிப்பது எந்த மருந்து, எத்தனை மி.கி., எத்தனை நாள், கூடவே வேறென்ன மருந்து, எந்த வயது என்பவைதான்.

மருந்துகளுக்குள் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. கடையில் கேட்டு வாங்கும் அளவில், அதாவது ஒரு நாளைக்கு 1200 மி.கி.க்குள், ஐபுபுரோஃபென் இந்தக் கூட்டத்திலேயே வயிற்றுக்குச் சாதுவானது. அதையே 2400 மி.கி. எடுத்தால் அந்தச் சாதுத்தனம் போய்விடும். மேல்வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவு, ஓட்டை போன்ற சிக்கல்களின் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். நேப்ராக்ஸன் உடம்பில் நீண்ட நேரம் தங்கும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும் என்பது அதன் வசதி; சுவரின் காவல் மீண்டு வர இடைவெளி கிடைக்காது என்பது அதன் கேடு. பல் பிடுங்கிய பின் கொடுக்கும் கீட்டோரோலாக் 10 மி.கி. இந்த வரிசையில் கடுமையானது. மொத்தம் 5 நாளுக்கு மேல் போகக் கூடாது என்பது அதற்கான விதி. "போன தடவை டாக்டர் எழுதினது நல்லா கேட்டுச்சு" என்று அதே அட்டையை முதுகுவலிக்கும் வாங்குவதுதான் நான் மிகவும் அஞ்சும் பழக்கம்.

அதைவிடவும் அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு: செட் மாத்திரை. "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால், அட்டையிலிருந்து வெட்டியெடுத்த நாலைந்து மாத்திரைகள் ஒரு காகிதக் கவரில் வரும். பெயர் இருக்காது, மி.கி. இருக்காது. பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, சமயத்தில் டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற குட்டி ஸ்டீராய்டு மாத்திரை. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் புண் வரும் வாய்ப்பு தனித்தனியே உள்ளதைக் கூட்டிய கணக்கில் நிற்காது. பல மடங்காகப் பெருகும். ஸ்டீராய்டு உடனடித் தெம்பு தருவதால் அந்த செட்டுக்கு நல்ல பெயரும் கிடைத்துவிடுகிறது. மூட்டுவலிக்குக் கைகண்ட மருந்து என்று விற்கும் பெயர் தெரியாத பொடிகள் சிலவற்றிலும் இதே ஸ்டீராய்டு கலந்திருந்தது ஆய்வகச் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. கவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். அட்டையோடு கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

தெரிந்தே நடக்கும் இரட்டிப்பும் உண்டு. காலையில் தலைவலிக்குக் காம்பிஃபிளாம், ராத்திரி கழுத்துவலிக்கு ஜீரோடால்-பி. இரண்டும் ஒரே கூட்டம். ஐபுபுரோஃபென் ஒரு வேளைக்கு 400 மி.கி.க்கு மேல் போனால் வலி குறைவதில் பெரிய ஆதாயம் இல்லை. இன்னொரு வலி மாத்திரையைச் சேர்த்தாலும் அதே கதைதான். வயிற்றுக்கு மட்டும் இரண்டு மருந்தின் கேடும் சேரும். பாராசிட்டமாலையும் கணக்கில் வையுங்கள்: மூன்று காம்பிஃபிளாமும் நான்கு டோலோ 650-உம் ஒரே நாளில் போட்டால் 3575 மி.கி. பெரியவர்களுக்கான உச்ச வரம்பே 4000 மி.கி.தான். உடல் எடை 50 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், தினமும் மது அருந்துகிறவர்களுக்கும் அதற்கும் கீழேயே நிறுத்த வேண்டும்.

யாருக்கு வயிறு சீக்கிரம் புண்ணாகும்? வயது 65 தாண்டியவர்கள். முன்பே அல்சர் வந்தவர்கள். இவர்கள்தான் எல்லோரையும்விட ஆபத்தில் இருப்பவர்கள். வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி உள்ளவர்கள். நம் நாட்டில் இது மிகப் பரவலாக இருக்கிறது, பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது. இதய வால்வு மாற்றியபின் அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற ரத்த உறைதலைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் கடையில் கேட்டு இந்தக் கூட்டத்து மாத்திரை எதையும் போடவே கூடாது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்கும் அப்படியே. மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் எஸ்ஸிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்றவையும் ரத்தத் தட்டணுக்களின் ஒட்டும் திறனைக் குறைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அவற்றோடு வலி மாத்திரை சேரும்போது ரத்தக் கசிவு வாய்ப்பு கூடும். கடையில் நிற்கும்போது இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் 75 மி.கி. எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல். ஆஸ்பிரின் தட்டணுவில் போய் உட்காரும் இடத்திலேயே ஐபுபுரோஃபென்னும் உட்காரும். ஐபுபுரோஃபென் முந்திக்கொண்டால் ஆஸ்பிரினுக்கு இடம் கிடைக்காமல் அன்றைய இதயப் பாதுகாப்பு வீணாகும். வயிற்றுக்கோ இரண்டு மருந்தின் கேடும் சேரும். சாதாரண ஆஸ்பிரின் என்றால், அதை முதலில் போட்டு அரை மணி நேரமாவது கழித்து ஐபுபுரோஃபென், அல்லது ஐபுபுரோஃபென் போட்டு 8 மணி நேரம் கழித்து ஆஸ்பிரின் என்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் இங்கே விற்கும் 75 மி.கி. ஆஸ்பிரின் பெரும்பாலும் மேல்பூச்சு உள்ளது, மெதுவாகக் கரையும். அதற்கு இந்தக் கணக்கு செல்லாது. இவர்கள் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, கூடவே ஒரு கேஸ் மாத்திரை போட்டால் தீருமா? எந்தக் கேஸ் மாத்திரை என்பதைப் பொறுத்தது. ஜெலுசில், டைஜீன் போன்றவை இருக்கும் அமிலத்தைச் சற்று நேரம் மட்டுப்படுத்தும். புண்ணைத் தடுக்கும் வேலையை அவை செய்வதில்லை. ரானிடிடின் வழக்கமான 150 மி.கி. அளவில் சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண்ணைக் கொஞ்சம் தடுக்கும். வலி மாத்திரை அதிகம் தாக்கும் இரைப்பையைக் காப்பதில்லை. எரிச்சலை மட்டும் மறைத்துவிடுவதால் "எனக்கு ஒண்ணும் பண்ணல" என்ற தைரியம் வந்து மாத்திரை தொடரும். உண்மையில் காப்பது ஓமிபிரசோல் 20 மி.கி., பேண்டோபிரசோல் 40 மி.கி. வகை. அதையும் சரியாகப் போட வேண்டும்: காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில். சாப்பிடும்போது விழித்துக்கொள்ளும் அமிலச் சுரப்பிகளைத்தான் அது பிடிக்கும். வலி மாத்திரையோடு சேர்த்து ராத்திரி சோற்றுக்குப் பிறகு விழுங்கினால் பயன் குறையும். முழுப் பலன் வரச் சில நாள் ஆகும் என்பதால், எரிந்த அன்றைக்கு மட்டும் ஒன்று போடுவதும் காப்பு ஆகாது. குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் ஓமிபிரசோல், எஸ்ஓமிபிரசோல் இரண்டையும் தவிர்க்க வேண்டும். அவை அந்த மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். அவர்களுக்குப் பேண்டோபிரசோல் பொருந்தும். பேன்-டி என்று கேட்டு வாங்குவதில் உள்ள "டி" டாம்பெரிடோன். புண்ணைத் தடுப்பதில் அதற்குப் பங்கில்லை, வயதானவர்களின் இதயத் துடிப்பைக் குழப்பக்கூடும். வெறும் பேண்டோபிரசோல் போதும்.

இந்த மாத்திரைகளாலும் காக்க முடியாத ஓரிடம் இருக்கிறது. அதுதான் சிறுகுடலின் தொடக்கத்தைத் தாண்டிய பகுதி. அங்கே அமிலம் கிடையாது, எனவே அமிலத்தை அடக்குவதால் பயனில்லை. டைக்ளோஃபினாக் போன்றவை பித்தநீரோடு மறுபடி மறுபடி குடலுக்குள் வந்து சிறு சிறு புண்களை உண்டாக்கும். வலி இருக்காது, எரிச்சல் இருக்காது, மலத்தின் நிறம்கூட மாறாது. ஹீமோகுளோபின் மட்டும் மெல்ல இறங்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது என்று இரும்புச் சத்து மாத்திரை மாதக்கணக்கில் போட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால், தினசரி வலி மாத்திரை பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெண்களுக்கு ரத்தசோகை என்றால் மாதவிடாயை மட்டும் காரணம் காட்டிவிட்டு மூட்டுவலி மாத்திரையைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். ஆறு மாதமாகத் தினமும் போடுகிறவர் வருடத்துக்கு ஓரிரு முறையாவது ரத்த அணுக்கள் எண்ணிக்கைச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் வலி வந்தால் என்ன செய்வது? சாதாரண உடம்பு வலி, தலைவலி, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 500 முதல் 1000 மி.கி. வரை, 6 மணி நேர இடைவெளியில். காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டுமே. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். தட்டணு குறையும் நோயில் ஆஸ்பிரினோ ஐபுபுரோஃபென்னோ டைக்ளோஃபினாக் ஊசியோ உயிருக்கே ஆபத்து. முழங்கால், விரல் மூட்டு வலிக்கு முதலில் டைக்ளோஃபினாக் ஜெல்லைத் தடவிப் பாருங்கள். மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் கலப்பது ஏறத்தாழ 6 சதவீதம்தான். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒன்றிரண்டு வாரமாவது தொடர்ந்து தடவ வேண்டும். இரண்டு நாள் தடவிவிட்டுக் கேட்கவில்லை என்று விடக் கூடாது. மாதவிடாய் வலி புரோஸ்டாகிளாண்டினாலேயே வருவதால் அதற்கு ஐபுபுரோஃபென்னோ மெஃபனமிக் அமிலமோதான் சரியான மருந்து. வலி முற்றும்வரை காத்திருக்காமல் தொடங்கும்போதே போட்டு, இரண்டு மூன்று நாளில் நிறுத்திவிட்டால் இளம் வயதில் வயிற்றுக்குப் பெரிய பயம் இல்லை.

சுளுக்கு, பல்வலி போன்றவற்றுக்குப் பாராசிட்டமால் போதாமல் போனால் ஐபுபுரோஃபென் 400 மி.கி., சாப்பிட்டபின், ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேற்படாமல், மூன்று நாள். சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்; அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். விழுங்கியதும் படுக்காதீர்கள். ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிக் கரைந்து அங்கே புண்ணாகும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சுக்குள் குத்தும். மாத்திரை போடும் நாள்களில் மது வேண்டாம். பத்து நாள் தாண்டியும் வலி போகவில்லை என்றால் அது மாத்திரையால் தீரும் வலி இல்லை, காரணத்தைப் பார்க்க வேண்டும்.

மாதக்கணக்கில் எடுத்தே ஆக வேண்டிய மூட்டு நோய் உள்ளவர்கள், தொடங்கும் முன் பைலோரி சோதனை செய்துகொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சுக் காற்றிலோ மலத்திலோ பார்த்துவிடலாம். சோதனைக்கு முன் ஓமிபிரசோல் வகையை 2 வாரமும் ஆன்டிபயாட்டிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும்.

கடைசியாக, தவறவிடக் கூடாத அறிகுறிகள். வலி மாத்திரையால் வரும் புண் பல சமயம் வலிப்பதில்லை, ஏனென்றால் போடுவதே வலி மாத்திரை. குறிப்பாக வயதானவர்களில் முதல் அறிகுறியே ரத்தக் கசிவாக இருக்கும். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று, தாங்க முடியாத நாற்றத்துடன், தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாமல் ஒட்டினால் அது செரித்த ரத்தம். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அது பச்சை கலந்த கறுப்பாக, கெட்டியாக இருக்கும். அந்த நாற்றமும் ஒட்டலும் இருக்காது. காப்பித்தூள் கரைத்தது போல வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, காரணமில்லாமல் வியர்ப்பது, நாடி 100-க்கு மேல் ஓடுவது எல்லாம் இதே வரிசை. ரத்த அழுத்தத்துக்கு அட்டினோலால், மெட்டோபிரோலால் எடுக்கும் பெரியவர்களுக்கு நாடி ஏறாமலே இருக்கலாம். நாடி சரியாக இருக்கிறதே என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. திடீரென்று கத்தியால் குத்தியது போல வலித்து, வயிறு பலகை போல இறுகினால் புண் ஓட்டையாகியிருக்கலாம்.

இவற்றில் எது தெரிந்தாலும் வலி மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்தி, எண்டோஸ்கோப்பி (வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். தலைசுற்றல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் சோடா, மோர், சோறு எதுவும் கொடுக்காதீர்கள், வயிறு காலியாக இருந்தால்தான் உள்ளே பார்க்க முடியும். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், செட் மாத்திரைக் கவர் உட்பட. இதயத்துக்கான ஆஸ்பிரினை நிறுத்துவதா தொடர்வதா என்று நீங்களாக முடிவெடுக்காமல் அங்குள்ள மருத்துவரிடம் விடுங்கள். இரைப்பையில் புண் என்று தெரிந்தால், மருந்து தொடங்கி 8 வாரம் வாக்கில் பெரும்பாலும் மறுபடி எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பார்கள். எரிச்சல் போய்விட்டது என்று அந்தத் தேதியைத் தவிர்க்காதீர்கள். புண் ஆறியதா என்பதோடு, அது வெறும் புண்தானா, புற்றா என்பதும் அன்றைக்குத்தான் உறுதியாகும்.